வீடு ஓடும், நிற்க இடம் எங்கே?

வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போவது பழைய வழக்கம். வீட்டையே ஓட்டிக்கொண்டு ஊருக்குப் போவது புதிய வழக்கம்!

அந்த ஓடும் வீட்டுக்குப் பெயர் "கேரவன்".

வெளியே நின்று பார்த்தால் அது ஒரு பெரிய வேன் மாதிரிதான் இருக்கும். உள்ளே ஏறிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். படுக்க மெத்தை உண்டு. சின்னச் சமையல் மேடை உண்டு. குளிர்பதனப் பெட்டி உண்டு. ஒரு மூலையில் குளியல் அறையும் கழிப்பறையும் உண்டு. கூரை மேலோ, அடியிலோ தண்ணீர்த் தொட்டி இருக்கும்.

தமிழ்நாட்டு மக்களுக்கு இந்தப் பெயரைச் சொல்லிக் கொடுத்தது சினிமா. படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் நடிகர், நடிகைகள் ஓய்வு எடுக்க இந்த வண்டிதான் நிற்கும். இப்போது குடும்பத்தோடு சுற்றுலா போகிறவர்களும் இதை வாடகைக்கு எடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அரசாங்கங்களும் இதற்கு ஆதரவு கொடுக்கின்றன. கேரள அரசாங்கம் 2021-ஆம் ஆண்டு கேரவன் சுற்றுலாவுக்கு என்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. மறு ஆண்டே வாகமண் மலைப் பகுதியில், கேரவன்கள் தங்குவதற்கு என்று ஒரு பூங்கா திறக்கப்பட்டது. தமிழ்நாடு அரசாங்கம் 2023-ஆம் ஆண்டு வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலாவுக்கு இடம் இருக்கிறது.

நல்ல காரியம். வரவேற்க வேண்டியதுதான்.

ஆனால் ஒரு குறை. வண்டியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அந்த வண்டி ராத்திரி எங்கே நிற்கும் என்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. கேரவன் சுற்றுலா வளர வேண்டுமானால், முதலில் வழி நெடுகத் தங்குமிடங்கள் வளர வேண்டும். அது இல்லாமல் வண்டி மட்டும் பெருகினால் வம்புதான் பெருகும்.

5 மணி ஓட்டம், 19 மணி நிறுத்தம்

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு நாளுக்கு 24 மணி நேரம். குழந்தை குட்டிகளோடும் வயதானவர்களோடும் போகிற வண்டி, ஒரு நாளைக்கு 5 மணி நேரம் ஓடினாலே அதிகம். மீதி 19 மணி நேரம் அது நின்றுகொண்டுதான் இருக்கும்.

குளிப்பது, துவைப்பது, சமைப்பது, சாப்பிடுவது, தூங்குவது எல்லாம் அந்த 19 மணி நேரத்தில்தான் நடக்கும். வண்டி நிற்கிற இடத்தில் நிழல் இல்லை, தண்ணீர் இல்லை, விளக்கு இல்லை என்றால், உள்ளே பட்டு மெத்தை போட்டிருந்தும் பயன் என்ன?

பெட்ரோல் பங்கு ஓரத்திலோ, நெடுஞ்சாலை ஓரத்திலோ நிறுத்திவிட்டு, லாரிச் சத்தத்தில் ராத்திரி முழுவதும் கண் விழித்திருப்பதற்குப் பெயர் சுற்றுலாவா?

கூண்டு வண்டிக் காலம்

வண்டியிலேயே வாழ்ந்துகொண்டு ஊர் சுற்றுவது வெள்ளைக்காரர் கண்டுபிடித்தது என்று பலர் நினைக்கிறார்கள்.

இங்கிலாந்தில் 1885-ஆம் ஆண்டு, கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர் உல்லாசப் பயணத்துக்கு என்றே ஒரு வீட்டு வண்டி செய்துகொண்டார். அவர் கடற்படையில் டாக்டராக இருந்தவர். அந்த வண்டியை இழுத்தவை 2 குதிரைகள். ஜெர்மனியில் 1951-ஆம் ஆண்டு, வோக்ஸ்வாகன் வேனுக்குள் படுக்கையும் அலமாரியும் பொருத்தி விற்கத் தொடங்கினார்கள். இன்றைய கேரவன்களுக்கு அவைதான் முன்னோடி என்று சொல்லுவார்கள்.

ஆனால் நம் ஊர்க் கூண்டு வண்டி என்ன செய்தது?

வண்டியில் வைக்கோலைப் பரப்புவார்கள். அதன் மேல் ஜமக்காளம் விரிப்பார்கள். புளியோதரை மூட்டையும் தண்ணீர்ச் செம்பும் உள்ளே இருக்கும். வண்டிக்கு அடியில் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டு வரும். குலதெய்வம் கோயிலுக்குப் போகும் குடும்பம் அதிலேயே உண்டு, அதிலேயே உறங்கி, விடியும் நேரத்தில் ஊர் போய்ச் சேரும்.

புளிய மர நிழலைக் கண்டால் மாட்டை அவிழ்த்துவிடுவார்கள். மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டுவார்கள். மாடும் இளைப்பாறும், மனிதர்களும் இளைப்பாறுவார்கள்.

இன்றும் அந்த வழக்கம் போய்விடவில்லை. பழனிக்கும், வேளாங்கண்ணிக்கும், நாகூருக்கும் வாடகை வேன் பிடித்துப் போகிற குடும்பங்கள், அரிசி பருப்பைக் கட்டிக்கொண்டுதான் புறப்படுகின்றன. அந்த வேன்தான் ஏழை எளியவர்களின் கேரவன்!

சத்திரம் கட்டிய மன்னர்கள்

பழைய காலத்தில் நீண்ட யாத்திரை என்றால் காசியும் ராமேசுவரமும்தான். வடக்கே இருந்து வந்தவர்கள் தஞ்சாவூர்ச் சீமை வழியாக ராமேசுவரம் போனார்கள். நடந்து போனவர்கள் பலர். வண்டி கட்டிப் போனவர்கள் சிலர்.

தஞ்சாவூரை ஆண்ட மராட்டிய மன்னர்கள், யாத்திரீகர்களுக்கு என்ன செய்தார்கள்? வழி நெடுகச் சத்திரம் கட்டினார்கள்.

நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம். ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம். ராஜாமடத்தில் மோகனாம்பாள் சத்திரம். மணமேல்குடியில் திரௌபதாம்பாள் சத்திரம். மீமிசலில் ராஜகுமாராம்பாள் சத்திரம். கடைசியாகச் சொன்ன இரண்டு ஊர்களும் இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கின்றன.

இந்தச் சத்திரங்களின் பெயர்களைக் கவனிக்க வேண்டும். அத்தனையும் பெண்களின் பெயர்கள்!

அங்கே நடந்த தர்மத்தைப் பற்றி, சரபோஜி மன்னர் 1801-ஆம் ஆண்டு ஆங்கிலேய அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். வழிப்போக்கர்களுக்குச் சோறு, குழந்தைகளுக்குப் பால், நோயாளிகளுக்கு வைத்தியம், வந்த இடத்தில் பிரசவ வேதனைப்படும் பெண்ணுக்கு உதவி என்று அதில் விவரமாகச் சொல்லியிருக்கிறார்.

ஒட்டன்சத்திரம், சேதுபாவாசத்திரம், அம்மாசத்திரம் என்று ஊர்ப் பெயரிலேயே சத்திரம் ஒட்டிக்கொண்டிருப்பதை இன்றும் பார்க்கலாம். வழிப்போக்கர் தங்கும் இடம் ஒரு ஊருக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

மன்னர்கள் யாருக்கும் வண்டி வாங்கிக் கொடுக்கவில்லை. வண்டி நிற்கும் இடத்தைக் கட்டிக் கொடுத்தார்கள்.

பெண்கள் படும் பாடு

வேனில் ஊருக்குப் புறப்படும் நாளில், பல வீடுகளில் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் விட்டுச் சொல்வது இல்லை.

ஆண்கள் வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு மரத்தடிக்குப் போய்விடுவார்கள். பெண்கள் எங்கே போவார்கள்? வழியில் ஒரு ஓட்டலைப் பார்த்து நிறுத்தினால், கழிப்பறைக்குக் கதவு இருந்தால் தாழ்ப்பாள் இருக்காது. தாழ்ப்பாள் இருந்தால் தண்ணீர் இருக்காது.

வெயிலில் 6 மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் வந்தால் தலைவலி வரும். நீர்க்கடுப்பு வரும். வயதான பாட்டிகளும் கர்ப்பிணிப் பெண்களும் மயங்கி விழுந்துவிடக்கூடும். கோயிலையும் குளத்தையும் பார்த்து மகிழ வேண்டியவர்கள், எப்போது வீடு திரும்புவோம் என்று ஏங்கிக்கொண்டு வருகிறார்கள்.

"கேரவனில்தான் கழிப்பறை இருக்கிறதே!" என்று சிலர் சொல்லலாம்.

இருக்கிறது. அதன் கழிவு ஒரு தொட்டியில் சேருகிறது. 5, 6 பேர் போனால் அந்தத் தொட்டி சீக்கிரம் நிரம்பிவிடும். நிரம்பியதை எங்கே கொட்டுவது? இருட்டில் ஏதாவது ஒரு வாய்க்காலில் திறந்துவிட்டுப் போனால், மறுநாள் காலையில் அந்தத் தண்ணீரில் கால் வைப்பது யார்? அந்த ஊர்க் குழந்தைகள்தானே!

புதுக்கோட்டை மாவட்டம் குளங்களையும் ஊருணிகளையும் நம்பி வாழும் சீமை. அங்கே ஒரு ஊருணியைக் கெடுப்பது, ஒரு ஊரின் அடுப்பில் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம்.

நின்ற வண்டியில் நேர்ந்த சாவு

இனி சொல்லப்போவது மனதுக்கு வருத்தம் தரும் விஷயம். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி அதிகாலை. மதுரை ரெயில் நிலையம் அருகே ஒரு சுற்றுலா ரெயில் பெட்டி நிறுத்தி வைக்கப்பட்டு இருந்தது. உத்தரப்பிரதேசத்திலிருந்து யாத்திரை வந்தவர்கள் அதில் தங்கி இருந்தார்கள். விதிக்கு மாறாக, பெட்டிக்குள் கேஸ் சிலிண்டர் கொண்டுவரப்பட்டிருந்தது. அதனால் தீப்பிடித்து, 9 பேர் உயிர் இழந்தார்கள்.

2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். கேரள மாநிலம் வடகரையில், சாலை ஓரத்தில் ஒரு கேரவன் நின்றுகொண்டிருந்தது. அதற்குள் 2 பேர் இறந்து கிடந்தார்கள். குளிர்சாதனத்துக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை உள்ளே புகுந்ததே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு உண்டு. அதற்கு நிறம் இல்லை. வாசனையும் இல்லை. தூங்குகிறவர்களுக்கு அது வருவதே தெரியாது.

இரண்டிலும் ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. இரண்டு விபத்துகளும் வண்டி ஓடும்போது நடக்கவில்லை. நின்றுகொண்டிருந்தபோது நடந்தன!

நிற்கும் இடத்தில் மின்சாரம் கிடைத்தால் ஜெனரேட்டருக்கு வேலை இல்லை. பக்கத்திலேயே பொதுச் சமையல் கொட்டகை இருந்தால், வண்டிக்குள் அடுப்பு மூட்ட வேண்டியது இல்லை. ஆகவே, தங்கும் இடம் என்பது சொகுசு விஷயம் அல்ல. உயிர் விஷயம்.

வல்லத்திராக்கோட்டையைப் பாருங்கள்

இதை எங்கே செய்வது? பெரிய நகரங்களில் செய்ய வேண்டியது இல்லை. சாலை ஓரத்துக் கிராமங்களில் செய்யலாம். ஒரு ஊரை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம்.

புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி போகும் வழியில் இருக்கிறது வல்லத்திராக்கோட்டை. ஆலங்குடி தாலுகாவைச் சேர்ந்த ஊர். சுற்றுலா போகிறவர்கள் இறங்கிப் பார்க்கும் ஊர் என்று அதைச் சொல்ல முடியாது. பஸ்சும் காரும் அதைக் கடந்து போய்க்கொண்டே இருக்கும்.

ஆனால் தங்குவதற்கு இந்த மாதிரி ஊர்தான் ஏற்றது. ஏன்?

மேற்கே போனால் புதுக்கோட்டை நகரம். அதைத் தாண்டினால் சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலை. தென்மேற்கே திருமயம் கோட்டை. தென்கிழக்கே போனால் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில். இன்னும் போனால் கடல். ஒரே இடத்தில் தங்கிக்கொண்டு, காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம்.

வல்லத்திராக்கோட்டையில் போலீஸ் நிலையமும் இருக்கிறது. பெண்களோடும் குழந்தைகளோடும் தங்குகிறவர்களுக்கு அது பெரிய தைரியம்.

அரை ஏக்கர் போதும்

கேரள அரசாங்கத்தின் கொள்கையில், ஒரு கேரவன் பூங்காவுக்குக் குறைந்தது 50 சென்ட் நிலமும், 5 வண்டிகள் நிற்க இடமும் வேண்டும் என்று வைத்தார்கள். 50 சென்ட் என்பது அரை ஏக்கர். ஒரு ஊராட்சியால் முடியாத காரியமா அது?

அந்த அரை ஏக்கரில் என்ன இருக்க வேண்டும்?

மேடு பள்ளம் இல்லாத தரை வேண்டும். சுற்றிலும் வேம்பும் புங்கும் நிற்க வேண்டும். குடிக்கவும் குளிக்கவும் நல்ல தண்ணீர் வேண்டும்.

பெண்களுக்குத் தனிக் குளியல் அறை, தனிக் கழிப்பறை வேண்டும். அவற்றுக்கு நல்ல விளக்கும் உள்தாழ்ப்பாளும் வேண்டும்.

ஒவ்வொரு வண்டிக்கும் மீட்டரோடு மின்சார இணைப்பு வேண்டும். வண்டியிலிருந்து தள்ளி, நாலு பக்கமும் திறந்த சமையல் கொட்டகை ஒன்று வேண்டும்.

வண்டிக் கழிவைக் கொட்ட, முறையாகக் கட்டிய மூடிய தொட்டி வேண்டும். குப்பைக்குத் தொட்டி வேண்டும். ராத்திரிக்கு ஒரு காவல்காரர் வேண்டும்.

இவ்வளவுதான். பளிங்குத் தரையும் நீச்சல் குளமும் வேண்டியது இல்லை.

ஊருக்கு என்ன லாபம்?

"வெளியூர்ப் பணக்காரர் வண்டி நிறுத்த எங்கள் ஊர் நிலத்தை ஏன் கொடுக்க வேண்டும்?" என்று கிராம சபையில் ஒருவர் எழுந்து கேட்டால், அது நியாயமான கேள்விதான்.

அதற்குப் பதில் இருக்கிறது.

அந்த இடம் கேரவனுக்கு மட்டும் என்று இருக்கக் கூடாது. வாடகை வேனில் வருகிற குடும்பத்துக்கும் அது வேண்டும். பாதயாத்திரை போகிற பக்தர்களுக்கும் வேண்டும். லாரி ஓட்டுநர்களுக்கும் வேண்டும். கேரவனுக்கு அதிகக் கட்டணமும், வேனுக்குக் குறைந்த கட்டணமும் வாங்கலாம். நடந்து வருகிறவர்களுக்கு இலவசமாக விடலாம். சத்திரத்தில் ஏழையும் பணக்காரனும் ஒரே கூரையின் கீழ்தானே இருந்தார்கள்!

கட்டணம் ஊராட்சிக்குப் போகும். இடத்தைச் சுத்தமாக வைத்து நடத்தும் வேலையை மகளிர் சுய உதவிக் குழுவிடம் கொடுக்கலாம். காலையில் இட்லி, மாலையில் சுக்குக் காபி, குளிக்க வெந்நீர் என்று அவர்களுக்கு வருமானம் வரும்.

ஆலங்குடி வட்டாரம் பலாப்பழத்துக்குப் பெயர் பெற்றது. தஞ்சாவூர்ச் சாலையில் இருக்கும் ஆதனக்கோட்டையில், பெண்கள் முந்திரிப் பருப்பை வறுத்துச் சாலை ஓரத்திலேயே விற்கிறார்கள். ருசி பார்த்தவர்கள் மறுபடியும் வண்டியை நிறுத்துகிறார்கள். தங்கிப் போகிறவர்கள் இன்னும் அதிகமாக வாங்குவார்கள் அல்லவா?

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி வீசிய கஜா புயல், இந்தப் பகுதியில் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்துவிட்டது. மரத்தை மட்டும் நம்பி இருந்தவர்கள் பட்ட கஷ்டம் கொஞ்சம் அல்ல. புயல் வந்தாலும் சாயாத ஒரு சிறு வருமானம், இப்படிப்பட்ட ஊர்களுக்கு அவசியம்.

ஒன்று மட்டும் நிச்சயம். ஊர் மக்கள் சம்மதம் இல்லாமல் எந்த இடத்தையும் எடுக்கக் கூடாது. மாடு மேய்கிற மந்தையையும், பிள்ளைகள் விளையாடுகிற திடலையும் தொடக் கூடாது.

4 நாள் யாத்திரை

கேரவனோ, வாடகை வேனோ, எதில் போனாலும் யோசித்துத் திட்டம் போட்டால்தான் மகிழ்ச்சி. 4 நாளில் 14 ஊர் பார்ப்பது என்று புறப்படுகிறவர்கள், எதையும் பார்க்காமல் திரும்புகிறார்கள்.

திருச்சியிலிருந்து புறப்படும் குடும்பம், புதுக்கோட்டை மாவட்டத்தை 4 நாளில் நிதானமாகப் பார்க்கலாம். திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே சுமார் 55 கிலோமீட்டர்தான்.

முதல் நாள், வழியிலேயே நார்த்தாமலை. மலை மேல் விசயாலய சோழீச்சுவரம் என்ற பழைய கற்கோயில் இருக்கிறது. பாறையில் ஏற வேண்டும் என்பதால், காலை வெயில் ஏறும் முன்பே போய்விடுவது நல்லது.

இரண்டாம் நாள் சித்தன்னவாசல். குகைக் கோயிலின் விதானத்தில் தாமரைக் குளம் ஓவியம் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது அது. சமண முனிவர்கள் படுத்த கல் படுக்கைகளும் அந்த மலையில் உண்டு. அன்றைக்கே குடுமியான்மலைக்குப் போய், சங்கீதத்தைப் பற்றிப் பாறையில் வெட்டிய பழங்காலக் கல்வெட்டையும் பார்க்கலாம்.

மூன்றாம் நாள் திருமயம். அங்குள்ள கோட்டை 1687-ஆம் ஆண்டு சேதுபதி மன்னர் கட்டியது. மலையைக் குடைந்து செய்த சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. திரும்பும் வழியில் திருக்கோகர்ணம் கோயில். அங்கே 1910-ஆம் ஆண்டு தொடங்கிய அரசாங்கப் பொருட்காட்சி சாலையும் உண்டு. குழந்தைகளுக்கு அவசியம் காட்ட வேண்டிய இடம்.

நான்காம் நாள் வல்லத்திராக்கோட்டை வழியாக அறந்தாங்கி போய், ஆவுடையார்கோயில் சேரலாம். மாணிக்கவாசகரோடு சம்பந்தப்பட்ட ஸ்தலம் அது. கல்லை மரம்போல இழைத்துச் செய்த அதன் கொடுங்கைக் கூரையைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். சாயங்காலம் மணமேல்குடிக் கடற்காற்று வாங்கலாம்.

மாசி மாதம் வருகிறவர்கள், ஆலங்குடி தாலுகாவில் உள்ள குளமங்கலம் அய்யனார் கோயிலையும் சேர்த்துக்கொள்ளலாம். மாசி மகத்தன்று, அங்கே நிற்கும் பெரிய குதிரைச் சிலைக்கு மலை மலையாகக் காகித மாலைகள் சாத்துவார்கள்.

புறப்படும் முன் கவனிக்க வேண்டியவை

தை, மாசி மாதங்கள் இந்தப் பக்கம் போவதற்கு நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொள்ளும். மண் தரையில் நிறுத்திய கனமான வண்டி புதைந்துவிடும். சித்திரை வெயிலில் தகர வண்டி அடுப்பு மாதிரி கொதிக்கும்.

வண்டியின் உயரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கிராமச் சாலையில் தாழ்ந்த மரக்கிளையும் மின்சாரக் கம்பியும் குறுக்கே வரும்.

வாடகை வண்டி மஞ்சள் போர்டு வண்டியாக இருக்க வேண்டும். இன்சூரன்சு, தகுதிச் சான்று இரண்டையும் கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்பதற்கு வெட்கப்படக் கூடாது.

பழைய வேனை வாங்கி, பட்டறையில் கொடுத்துக் கட்டிலும் அடுப்பும் பொருத்தினால் கேரவன் ஆகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியின் அமைப்பை இஷ்டம்போல மாற்றுவதைத் தடுக்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரிக்காமல் கை வைக்கக் கூடாது.

தூங்கும்போது ஜெனரேட்டரை ஓட விடக் கூடாது. எஞ்சினையும் ஓட விடக் கூடாது. ஜன்னலைக் கொஞ்சமாவது திறந்து வைக்க வேண்டும். வீட்டு சிலிண்டரை வண்டியில் ஏற்றக் கூடாது.

ஓட்டுநரும் மனிதர்தான். அவருக்கும் படுக்கை வேண்டும். 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். பகல் முழுவதும் ஓட்டிவிட்டு ராத்திரியும் ஓட்டச் சொல்வது, குடும்பத்தையே ஆபத்தில் தள்ளுவதாகும்.

பிளாஸ்டிக் தட்டும் டம்ளரும் எடுத்துப் போகக் கூடாது. ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு, 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்தே தமிழ்நாட்டில் தடை உண்டு. எவர்சில்வர் தட்டு கழுவினால் தீர்ந்தது!

முதலில் செய்ய வேண்டியது

சுற்றுலாக் கொள்கை வந்துவிட்டது. வண்டிகளும் வந்துகொண்டிருக்கின்றன. இனி அரசாங்கம் செய்ய வேண்டிய முதல் வேலை, மாவட்டத்துக்கு 4, 5 ஊராட்சிகளைத் தேர்ந்தெடுத்து, அரை ஏக்கர் தங்குமிடம் அமைக்கப் பணம் கொடுப்பது. புதுக்கோட்டை மாவட்டத்தில் வல்லத்திராக்கோட்டை போன்ற ஊரிலிருந்து அதைத் தொடங்கலாம்.

அதற்குப் பெயர் என்ன வைப்பது என்று யோசிக்கவே வேண்டாம். "சத்திரம்" என்றே வைக்கலாம். சின்னக் குழந்தைக்கும் அந்தப் பெயர் புரியும். மராட்டிய மன்னர்கள் செய்ததைப் போல, ஊருக்கு உழைத்த ஒரு பெண்ணின் பெயரையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

தண்ணீர் குடிக்கப் பயப்படாமல் ஒரு பாட்டி வேனில் ஏறி உட்கார வேண்டும். தகப்பனார் நிம்மதியாகக் கண் அயர வேண்டும். குழந்தைகள் மரத்தடியில் ஓடி விளையாட வேண்டும். அப்படிப்பட்ட இடங்கள் வழி நெடுக வந்த பிறகு, கேரவன்கள் எத்தனை வந்தாலும் வரட்டும்!